பெற்றோர் உள்ள ‘அநாதைகள்’: ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான நன்கொடை எங்கே போகிறது?

2007 அக்டோபர் 25 அன்று, சாட் நாட்டின் கிழக்கே உள்ள அபேஷே விமான நிலையத்தில் ஒரு போயிங் 757 நின்றுகொண்டிருந்தது. பக்கத்து நாடான சூடானின் டார்ஃபூர் போரில் பெற்றோரை இழந்த 103 குழந்தைகளைப் பிரான்சுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லி ‘ஆர்ஷ் த ஸோயே’ என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் அதை ஏற்பாடு செய்திருந்தது. பிரான்சில் வாட்ரி விமான நிலையத்தில் குழந்தைகளை அழைத்துப்போகப் பல குடும்பங்கள் காத்திருந்தன. அவர்கள் ஆயிரக்கணக்கான யூரோ நன்கொடை கொடுத்திருந்தவர்கள். விமானம் கிளம்பவே இல்லை. சாட் காவல்துறை எல்லோரையும் பிடித்துவிட்டது.

யூனிசெஃப், ஐ.நா. அகதிகள் அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கம் மூன்றும் அந்தக் குழந்தைகளிடம் ஒவ்வொருவராகப் பேசின. 103 பேரில் 91 பேர், பெற்றோர் என்று தாங்கள் கருதும் ஒருவரோடாவது வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலானோர் டார்ஃபூரைச் சேர்ந்தவர்களே இல்லை, எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள சாட் கிராமங்களின் பிள்ளைகள். ‘அபேஷேயில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம்’ என்று சொன்னதை நம்பித்தான் வீட்டார் அனுப்பிவைத்திருந்தார்கள். சில குழந்தைகளுக்குக் கட்டுப் போடப்பட்டிருந்தது. கட்டுக்கு அடியில் காயம் எதுவும் இல்லை.

அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு டிசம்பரில் எட்டு ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பிறகு பிரான்சுக்கு மாற்றப்பட்டார்கள், 2008 மார்ச்சில் சாட் அதிபர் இத்ரிஸ் தெபி மன்னிப்பு வழங்கினார். சட்டக் கதை அதோடு முடியவில்லை, ஆனால் நமக்கு அது முக்கியமில்லை. ஆள் கடத்திப் பணம் பண்ண வந்தவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிட்டால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவர்களின் தலைவர் தீயணைப்புப் பணியில் இருந்தவர், 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவில் நிவாரண வேலை செய்தவர். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்பியிருக்கலாம். நன்கொடை கொடுத்த குடும்பங்களோ நிச்சயம் நம்பின. அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஏழை நாட்டுக் குழந்தை, போர் நடக்கும் இடம், அப்படியானால் யாருமற்ற குழந்தை. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகத் திரட்டப்படும் பணத்தில் கணிசமான பங்கு இன்றும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். நன்கொடைப் பிரசுரங்களில் அடிக்கடி தென்படும் ‘உலகில் 14 கோடி அநாதைகள், ஆப்பிரிக்காவில் மட்டும் 5.2 கோடி’ என்பது யூனிசெஃபின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. எண் சரிதான். ஆனால் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்திருந்தாலே இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இருவரையும் இழந்தவர்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ 1.5 கோடி. அவர்களிலும் பெரும்பாலானோர் பாட்டி, சித்தி, பெரியம்மா, மாமா வீட்டில்தான் வளர்கிறார்கள். எய்ட்ஸ் கணக்குக்காக இப்படி எண்ணத் தொடங்கியதற்கு நியாயம் உண்டு: தந்தையை நோய் கொண்டுபோன வீட்டில் தாய்க்கும் அதே ஆபத்து இருந்தது. சுகாதாரத் திட்டமிடலுக்கு உதவிய அந்த எண், நன்கொடை கேட்கும் கடிதத்துக்குப் போனதும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. படிப்பவர் மனதில் 5.2 கோடி குழந்தைகள் தெருவில் தனியாக நிற்கும் காட்சி எழுகிறது.

எய்ட்ஸ் ஆண்டுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1980களிலும் 90களிலும் உகாண்டாவின் ராக்காய், தான்சானியாவின் ககேரா போன்ற பகுதிகளில் ஒரு தலைமுறையே நடுவில் அறுபட்டுப் போனது. வயலில் வேலை செய்யும் வயதில் இருந்தவர்கள் இறந்தார்கள், கிழவிகளும் குழந்தைகளும் மிஞ்சினார்கள். நமீபியாவிலும் ஜிம்பாப்வேயிலும் அநாதைக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரை வளர்த்தவர்கள் தாத்தா பாட்டிகள். அந்த வேலைக்கு எந்த அமைப்பும் சம்பளம் தரவில்லை. உலகத்தின் கவனம் அங்கே திரும்பியபோது வந்த உதவியில் கணிசமான பகுதி அநாதை இல்லக் கட்டடங்களுக்குப் போயிற்று. படுக்கைகள், சமையலறை, சுற்றுச்சுவர், வாசலில் பெயர்ப்பலகை. 1992இலேயே ககேராவை ஆராய்ந்த உலக வங்கி, இல்லத்தில் ஒரு குழந்தையை வைத்துப் பார்க்க ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் ஆகிறது, வளர்ப்புக் குடும்பத்தில் வைத்து ஆதரிப்பதைப் போல இது ஏறக்குறைய ஆறு மடங்கு என்று கணக்குக் காட்டியது. அதற்குப் பிறகும் இல்லங்கள் பெருகத்தான் செய்தன. உகாண்டாவில் 1990களின் இறுதியில் ஆயிரத்தை ஒட்டி இருந்த இல்லக் குழந்தைகளின் எண்ணிக்கை, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் 50,000ஐத் தாண்டிவிட்டது என்பது அங்கே குழந்தைகள் நலனில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மதிப்பீடு. இத்தனைக்கும் எய்ட்ஸ் மருந்து பரவலாகி, பெற்றோர் பிழைக்கத் தொடங்கிய காலம் அது.

ஏன் இப்படி? காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கிராமத்தில் தனித்து நிற்கும் ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள். பக்கத்து ஊரில் வெளிநாட்டுப் பணத்தில் ஓர் இல்லம் திறக்கிறது. அங்கே மூன்று வேளைச் சாப்பாடு, சீருடை, ஆங்கிலப் பள்ளி. வீட்டில் இருந்தால் இதில் எதுவும் கிடையாது. நான்கில் ஒன்றை அங்கே சேர்த்தால் அதற்காவது படிப்பு கிடைக்கும் என்று அவள் நினைப்பதில் என்ன தவறு? தாய்ப்பாசம் குறைந்ததால் எடுத்த முடிவு இல்லை அது. கிடைத்த ஒரே வாய்ப்பு அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. இல்லத்துக்கோ, நன்கொடை வருவது தலைக்கணக்கில். காலிப் படுக்கை இருந்தால் வருமானம் குறையும். ஆகவே சில இடங்களில் கிராமங்களுக்கு ஆளனுப்பிக் குழந்தைகளைத் ‘தேடி’ எடுத்துவருவதும் நடந்தது. தேவை இருந்ததால் இல்லம் வந்தது என்று நாம் நினைக்கிறோம். பல ஊர்களில் இல்லம் வந்ததால்தான் அநாதைகள் வந்தார்கள்.

சுற்றுலாவும் இதில் சேர்ந்துகொண்டது. உகாண்டாவின் ஜிஞ்சா, கென்யாவின் மலிந்தி, மொம்பாசாப் பக்கம் என்று வெளிநாட்டவர் போகும் இடங்களை ஒட்டி இல்லங்கள் முளைத்ததைக் கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாரம் தன்னார்வலராக வந்து, குழந்தைகளோடு விளையாடி, படம் எடுத்து, அழுதுகொண்டே விடைபெற்றுப் போகும் கல்லூரி மாணவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். மாதம் இரண்டு முறை புதிதாக ஒருவர் வந்து தூக்கிக் கொஞ்சுகிறார், அப்புறம் காணாமல் போகிறார். அறிமுகமே இல்லாதவரின் மடியில் உடனே ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து ‘எவ்வளவு பாசம்’ என்கிறோம். குழந்தை உளவியல் படித்தவர்கள் அதை ஒரு காயத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். பெற்றோர் உள்ள குழந்தைகளை இல்லத்தில் சேர்த்து லாபம் பார்ப்பதை நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக 2018இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் அநாதை இல்லச் சுற்றுலாவின் தீங்குகளைத் தடுக்கச் சொன்னது.

எதிர்த்தரப்பையும் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அது வலுவான தரப்பு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, கம்போடியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தியப் பகுதி ஹைதராபாத்திலும் நாகாலாந்திலும் நடந்தது. 2009இல் வெளியான முதல் முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது: 6 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளைப் பொறுத்தவரை, இல்லத்தில் இருந்தவர்கள் உடல்நலத்திலும் அறிவுத்திறனிலும் உறவினர் வீட்டில் இருந்தவர்களைவிட மோசமாக இல்லை. சில அளவுகோல்களில் சற்று மேலாகவே இருந்தார்கள்.

இல்லங்களை ஆதரிப்பவர்கள் இதைக் கொண்டாடினார்கள், எதிர்ப்பவர்கள் ஆய்வு முறையில் குறை தேடினார்கள். எனக்கு இரண்டுமே அவசரமாகப் படுகிறது. அந்த ஆய்வு ஒப்பிட்டது ஒரு பக்கம் பணம் வந்துசேரும் இல்லத்தை, மறுபக்கம் யாரும் எட்டிப் பார்க்காத ஏழை வீட்டை. வீடு தோற்றது என்றால் அது வீடாக இருந்ததால் தோற்றதா, காசில்லாமல் தோற்றதா? இல்லத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது வெறும் ஊகக் கேள்வி கிடையாது. சில நாடுகள் அதைச் செய்து பார்த்திருக்கின்றன.

கென்யா 2004இல் மொம்பாசாவுக்குத் தெற்கே உள்ள க்வாலே, வடகிழக்கில் கரிஸா, தலைநகர் நைரோபி ஆகிய மூன்று இடங்களில் 500 வீடுகளோடு சோதனையாக ஆரம்பித்தது. அநாதைகளோ ஆதரவு குன்றிய குழந்தைகளோ இருக்கும் ஏழை வீட்டுக்கு மாதம் 500 ஷில்லிங். பின்னர் தொகை 1,500 ஆகி, 2,000 ஆயிற்று. திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது. இன்று ‘இனுவா ஜமி’ என்ற அரசுத் திட்டத்தின் பகுதியாக நடக்கிறது. பணத்தை இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று யாரும் மேலே நின்று விரட்டவில்லை. கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்ற பழைய பேச்சு அங்கேயும் இருந்தது. மதிப்பீடுகள் காட்டியது வேறு. உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்து படிப்பவர்கள் கூடினார்கள். இளம்பெண்களிடையே கர்ப்பமாகும் வாய்ப்பு 34 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அந்தத் திட்டத்தில் கருத்தடை பற்றியோ எச்.ஐ.வி. பற்றியோ ஒரு வகுப்பும் கிடையாது. பெண் பள்ளியில் இருந்தாள், வீட்டுச் செலவுக்காக எந்த ஆணையும் அண்டி நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது, அவ்வளவுதான்.

இதே தர்க்கம் இன்னும் சிறிய தொகையிலும் வேலை செய்தது. கென்யாவில் 2003 முதல் தொடக்கப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சீருடை வேண்டும், அதற்கு அப்போது ஆறு டாலர் ஆனது. பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்ளோ, பஸ்கலின் டுப்பாஸ், மைக்கேல் க்ரெமர் மூவரும் மேற்குக் கென்யாவில் 328 பள்ளிகளில் நடத்திய பரிசோதனையில், மேல் வகுப்புக் குழந்தைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பள்ளியை விட்டு நின்ற பெண்களின் விகிதம் 19இலிருந்து 16 சதவீதமாகவும், கர்ப்பமானவர்களின் விகிதம் 16இலிருந்து 13 சதவீதமாகவும் இறங்கின. இரண்டு செட் துணி! பெற்றோரைப் பிரித்துக் குழந்தையை இல்லத்தில் வைக்கும் செலவோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

சரி, எல்லா வீட்டுக்கும் பணம் கொடுத்துவிட்டால் முடிந்ததா? தென்னாப்பிரிக்காவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நிறவெறி ஆட்சியில் குழந்தை உதவித்தொகை பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கு எட்டாமலே இருந்தது. 1998இல் அதை மாற்றி, ஏழு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் என்று புதிய உதவித்தொகையைத் தொடங்கினார்கள். வயது வரம்பு படிப்படியாக 18 வரை உயர்ந்தது. இன்று ஒரு கோடியே முப்பது லட்சம் குழந்தைகள் வரை பெறுகிறார்கள், கண்டத்தில் இதற்கு இணையான திட்டம் அரிது. ஆனால் பக்கத்திலேயே இன்னொரு உதவித்தொகை இருந்தது. நீதிமன்ற ஆணையோடு வளர்ப்புப் பெற்றோர் ஆனவர்களுக்கான தொகை, இதைவிடப் பல மடங்கு அதிகம். எய்ட்ஸால் மகளை இழந்து பேரனை வளர்க்கும் பாட்டி என்ன செய்வாள்? நீதிமன்றத்துக்குப் போய்த் தன் பேரனுக்கே ‘வளர்ப்புத் தாய்’ ஆனாள். அரசும் அதை ஊக்குவித்தது. 2000இல் சுமார் 50,000 ஆக இருந்த வளர்ப்பு உதவித்தொகை 2010இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆணைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சமூகப் பணியாளர்கள் போதவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணைகள் காலாவதியாகி, பாட்டிகளின் பணம் நின்றது. 2011இல் உயர் நீதிமன்றம் தலையிட்டுப் பணத்தைத் தொடரச் சொல்ல வேண்டியதாயிற்று. இதில் இன்னொரு விபரீதமும் உண்டு: அடித்துத் துன்புறுத்தப்பட்ட குழந்தையை மீட்க ஓட வேண்டிய சமூகப் பணியாளர், பாட்டி வீட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். உறவினரிடம் வளரும் அநாதைக் குழந்தைகளுக்குச் சாதாரண உதவித்தொகையிலேயே கூடுதல் தொகை சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. நல்ல நோக்கம், போதுமான பணம் இரண்டும் இருந்தும், விதியை எழுதிய விதத்தால் எத்தனை ஆண்டு வீணாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இல்லங்களை மூடும் வேலையை முழு மூச்சாக எடுத்துக்கொண்ட நாடு ருவாண்டா. 1994 இனப்படுகொலைக்கு அடுத்த ஆண்டில் அங்கே 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தார்கள். அப்போது இல்லம் தேவைப்பட்டது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2012இல் எடுத்த கணக்கிலும் 33 இல்லங்களில் 3,323 பேர் இருந்தார்கள். படுகொலை நடந்து 18 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அங்கே இருப்பதற்குப் போர் காரணமாக முடியாது. பலருக்குப் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருந்தார்கள். அந்த ஆண்டு அரசு, இல்லப் பராமரிப்பைப் படிப்படியாக நிறுத்தும் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு யூனிசெஃப் துணையோடு ‘குடும்பத்தில் வளர்ப்போம்’ என்ற பொருள்படும் பெயரில் திட்டம் தொடங்கியது.

அவர்கள் வாசலைப் பூட்டிக் குழந்தைகளை வெளியே அனுப்பிவிடவில்லை. ஒவ்வொரு குழந்தையின் வேரையும் தேடினார்கள். சமூகப் பணியாளரும் உளவியலாளரும் சேர்ந்து உறவினர் வீட்டுக்குப் போனார்கள், பல முறை சந்திப்பு நடந்த பிறகே குழந்தை மாறியது. உறவே கிடைக்காதவர்களுக்கு ‘மலாயிகா முலின்ஸி’, அதாவது காவல் தேவதை என்று அழைக்கப்படும் வளர்ப்புக் குடும்பங்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இரண்டு ‘குடும்ப நண்பர்கள்’, நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 30,000 தன்னார்வலர்கள். சண்டை, அடி, பள்ளி நிற்றல் என எது நடந்தாலும் முதலில் தெரிய வேண்டியது அவர்களுக்கு. சில ஆண்டுகளில் பெரும்பாலான குழந்தைகள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள். அவர்களுக்கான மையங்களையும் 2019இல் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், ஆனால் அந்தப் பகுதி மெதுவாகத்தான் நகர்கிறது. சக்கர நாற்காலி, உடற்பயிற்சிச் சிகிச்சை, பகலில் பார்த்துக்கொள்ள ஆள், சிறப்புப் பள்ளி எதுவும் கிராமத்தில் இல்லாதபோது குடும்பம் எப்படித் தாங்கும்? ருவாண்டா கண்டிப்பான மைய அரசு உள்ள சின்ன நாடு என்பதையும் மறக்கக் கூடாது. தலைநகரில் எடுத்த முடிவு அங்கே கிராமம் வரை இறங்கும். எல்லா நாட்டிலும் அப்படி இறங்காது.

வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பி ஒரு குழந்தையை ‘ஆதரிக்கும்’ முறையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இல்லங்கள் மீதான விமர்சனம் இதன் மேலும் சேர்ந்து விழுகிறது. இரண்டும் வேறு. ஆதரவு பெறும் குழந்தை பெரும்பாலும் தன் வீட்டிலேயே இருந்து பள்ளிக்குப் போகிறது. கென்யா, உகாண்டா உட்பட ஆறு நாடுகளில் ஒரு பெரிய நிறுவனத்தின் முன்னாள் ஆதரவுக் குழந்தைகளைப் பொருளாதார அறிஞர்கள் தேடிப்பிடித்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் குழந்தைப் படம் எனக்கு உவப்பான விஷயம் கிடையாது. ஆனாலும் பலன் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும்.

2025இல் நிலைமை திடீரென்று மாறியது. அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபார் 2003இல் ஆரம்பித்தது. அதன் நிதியில் பத்து சதவீதம் அநாதைகளுக்கும் ஆதரவு குன்றிய குழந்தைகளுக்கும் போக வேண்டும் என்று சட்டமே இருந்தது. அந்தப் பத்து சதவீதம்தான் பல நாடுகளில் வீடு வீடாகப் போகும் ஊழியர்களுக்குச் சம்பளம். குழந்தை மாத்திரை சாப்பிட்டதா, பள்ளிக்குப் போனதா, வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் அவர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் புதிய அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை முதல் தேதியோடு அந்த நாட்டின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டே மூடப்பட்டது. மருந்து வழங்கலுக்கு விதிவிலக்குக் கிடைத்த இடங்களிலும் இந்த வீட்டுப் பணியாளர்களுக்குக் கிடைக்கவில்லை, ‘உயிர்காக்கும்’ வேலை என்ற வரையறைக்குள் அவர்கள் வரவில்லை. உயிர் காப்பதில் மருந்து பாதி வேலைதான் செய்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை அதைத் தினமும் விழுங்க யாராவது கூட இருக்க வேண்டும். மேலும் ஒன்று: தாய் மருந்தில்லாமல் இறந்தால் அந்த வீட்டில் புதிதாக அநாதைகள் உருவாகிறார்கள். அநாதைகளுக்காக இதுவரை செய்யப்பட்ட உதவிகளிலேயே பெரியது எது என்று கேட்டால், பெற்றோரைச் சாகாமல் வைத்த அந்த மாத்திரைகளைத்தான் நான் சொல்வேன்.

கென்யா இப்போது ருவாண்டாவின் வழியில் இறங்கியிருக்கிறது. 2017 நவம்பரிலேயே புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. 2022இல் வந்த குழந்தைகள் சட்டமும், அதே ஆண்டின் பத்தாண்டுத் திட்டமும் 2032க்குள் தனியார் இல்லங்களை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொல்கின்றன. ஏறத்தாழ 900 இல்லங்களில் 45,000 குழந்தைகள் வரை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இல்லம் நடத்துபவர்களில் பலர் எதிர்க்கிறார்கள், அவர்களின் பயம் முழுக்கச் சுயநலம் என்று சொல்ல முடியாது. அப்பன் அடித்ததால் ஓடிவந்த பிள்ளையை அதே வீட்டுக்கு அனுப்பி, ஓர் ஆண்டுக்குப் பிறகும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். வீட்டுக்குக் கொடுக்கும் 2,000 ஷில்லிங்கும் பத்தாண்டுகளுக்கு மேலாக உயரவில்லை, விலைவாசி எங்கேயோ போய்விட்டது, பல நேரம் அதுவும் தாமதமாகத்தான் வருகிறது.

ஆகவே ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கென்று உங்களிடம் யாராவது நிதி கேட்டால், அவர்களிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். இந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? அந்தப் பெற்றோருக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகள் வீடு திரும்பினார்கள், அவர்களை அப்புறம் போய்ப் பார்த்தது யார்? நாங்கள் நேரில் வந்து குழந்தைகளோடு ஒரு வாரம் இருக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். ‘தாராளமாக வாருங்கள்’ என்று உடனே பதில் வந்தால் பணத்தை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.